ஏர்சாஃப்ட் துப்பாக்கி மக்கர் செய்கிறதா? கியர்பாக்ஸைத் திறக்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

யாராவது தன் எம்4-ஐ (பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கியில் ஒரு வகை) மேசையில் கிடத்தி "சுட மாட்டேங்குது" என்றால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டிரிக்கரை இழுத்தபோது என்ன சத்தம் வந்தது? சத்தமே இல்லையா, 'டக்' என்று ஒரு அடி மட்டுமா, மோட்டார் ஊளையிட்டதா, இல்லை எல்லாம் வழக்கம்போல ஓடிக் குண்டு மட்டும் வரவில்லையா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நானே இதைக் கேட்டுக்கொள்ளாத காலம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கியர்பாக்ஸை, அதாவது கியர்களும் பிஸ்டனும் இருக்கும் பெட்டியை, மூன்று முறை பிரித்து மூன்று முறை மூட்டினேன். கடைசியில் பார்த்தால் பேட்டரி பிளக்கில் ஒரு பின் இரண்டு மி.மீ. பின்னால் போயிருந்தது. விரலால் தள்ளினேன், 'க்ளிக்' என்றது, துப்பாக்கி சுட்டது. அன்றிலிருந்து திறப்பது கடைசி வேலை என்று வைத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் வெர்ஷன் 2 கியர்பாக்ஸை மனதில் வைத்து. எம்4, எம்பி5 வகைகளில் இருப்பது அதுதான். டோக்கியோ மருய் 1991-இல் ஃபமாஸ் மாடலோடு மின்துப்பாக்கியைத் தொடங்கி வைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் செய்த வெர்ஷன் 2 அமைப்பைத்தான் மற்ற கம்பெனிகள் இன்றுவரை நகலெடுக்கின்றன. ஏகே வகைகளில் வெர்ஷன் 3 இருக்கும். டிரிக்கர் பகுதியின் அமைப்பு கொஞ்சம் மாறும், நோய்கள் ஏறக்குறைய அதேதான்.

உள்ளே நடப்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் தலையிலுள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் பெவல் கியரைச் சுற்றுகிறது, பெவல் ஸ்பர் கியரை, ஸ்பர் செக்டர் கியரை. செக்டரில் பாதிச் சுற்றுக்குத்தான் பல் இருக்கும். அந்தப் பற்கள் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னால் பாயும், காற்று நாசில் வழியாகக் குண்டைத் தள்ளும். அதே செக்டரில் உள்ள ஒரு முளை டேப்பட் பிளேட்டைப் பிடித்து நாசிலைப் பின்னுக்கு இழுத்து, அடுத்த குண்டு ஏற வழி விடும். சாதாரண கியர் செட்டில் விகிதம் 18.72-க்கு 1. அதாவது ஒரு குண்டுக்கு மோட்டார் ஏறக்குறைய 19 சுற்று. வினாடிக்கு 15 குண்டு என்றால் நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்றுக்கு மேல். இந்த வேகத்தில் சின்னத் தவறும் பெரிய சத்தமாகத்தான் வெளியே வரும், கேட்கத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு ஒழுங்கு. கண்ணாடி போடுங்கள், மேகசினைக் கழற்றுங்கள், பாதுகாப்பான திசையில் ஓரிரு முறை வெறுமனே சுட்டு உள்ளே தங்கிய குண்டை வெளியேற்றுங்கள், அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். துப்பாக்கி சுடாத நிலையில் இருந்தால் ஒரு குண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரிக்கரை இழுத்தால் சத்தமே இல்லை

கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் கோளாறுதான் இங்கே அதிகம். முதலில் பேட்டரி. 7.4 வோல்ட் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் 8.4 வோல்ட் காட்டும், 11.1 வோல்ட் என்றால் 12.6. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம். உப்பியிருந்தால் சார்ஜரிலும் போட வேண்டாம்.

அடுத்து பிளக். சின்ன டமியா பிளக் இருந்தால் இரண்டு பக்கமும் பின்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சொன்னேனே, என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது அதுதான். ஃபியூஸ் இருக்கும் துப்பாக்கி என்றால் அதையும் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் மாற்றுவதோடு விடாமல், ஏன் போனது என்றும் தேடுங்கள். சும்மா போகாது.

இதெல்லாம் சரி என்றால் மல்டிமீட்டர். கிரிப்பின் அடித்தகட்டைக் கழற்றினால் மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயர்கள் தெரியும். இங்கே பலர் ஏமாறுவார்கள். ஒயரை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு மீட்டரை வைத்து டிரிக்கரை இழுத்தால் பேட்டரியின் முழு வோல்ட்டும் காட்டும். "கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று புது மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான். கருகிய கான்டாக்ட் வழியாகக்கூட அது வந்துவிடும். மோட்டாருக்குத் தேவை பல ஆம்பியர். அதனால் ஒயரை மோட்டாரில் மாட்டியபடியே அளக்க வேண்டும். டிரிக்கரை இழுத்ததும் 11 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 2, 3 மட்டும் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு: கான்டாக்ட், சாலிடர், பிளக். (பேட்டரி முனையிலேயே அப்படி விழுந்தால் பேட்டரிதான் குற்றவாளி.) முழு வோல்ட் நின்றும் மோட்டார் அசையவில்லை என்றால் கார்பன் பிரஷைப் பாருங்கள். தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் ஸ்பிரிங் நழுவியிருக்கும்.

மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் போடாத துப்பாக்கியில் பெரும்பாலும் மாட்டுவது டிரிக்கர் கான்டாக்ட்தான். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இரண்டு சின்னச் செம்புத் தகடுகள் வழியாகப் போகிறது. தொடும்போதும் விலகும்போதும் பொறி பறக்கிறது. 11.1 வோல்ட்டில் சில ஆயிரம் குண்டு சுட்ட துப்பாக்கியைத் திறந்தால் அந்தத் தகடுகள் தோசைக்கல் விளிம்பு மாதிரி கருத்துக் கிடக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பளபளக்கும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரத் தீர்வு மாஸ்ஃபெட்: பெரிய கரண்ட் அதன் வழியே போய்விடும், கான்டாக்டுக்கு வெறும் சிக்னல் வேலை. கான்டாக்டில் மட்டும் கிரீஸ் தடவாதீர்கள். "எல்லாத்துக்கும் கொஞ்சம் போடுவோம்" என்று தடவியவர்கள் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தே எனக்கு நிறைய நேரம் போயிருக்கிறது.

'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம்

மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. டிரிக்கரை உடனே விடுங்கள். நின்றுபோன மோட்டார்தான் மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும். இரண்டு மூன்று வினாடி பிடித்திருந்தாலே ஒயர் சுடும், ஃபியூஸ் இல்லையென்றால் உறை இளகும்.

நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பாருங்கள். தளர்ந்த பேட்டரி ஸ்பிரிங்கைப் பாதி வழி இழுத்துவிட்டு நின்றுவிடும். குளிர்காலக் காலைகளில் இது சகஜம்; உள்சட்டைப் பையில் வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மோட்டார் உயரம். கிரிப் தகட்டின் நடுவிலுள்ள ஸ்க்ரூ மோட்டாரை மேலே தள்ளுகிறது. அதிகம் தள்ளினால் பினியன் பெவலில் அழுந்தி நின்றுவிடும். கால் சுற்று தளர்த்துங்கள், ஒரு முறை சுடுங்கள், கேளுங்கள். இன்னும் கால் சுற்று. இதிலேயே எழுந்துவிடும் துப்பாக்கிகள் நிறைய.

புதிதாக ஒயர் மாற்றிய பிறகு இந்தச் சத்தம் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், மோட்டார் ஒயர்கள் இடம் மாறியிருக்கும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும், ஆன்டி ரிவர்சல் லாட்ச் என்ற சின்ன நாக்கு பெவலைப் பிடித்து நிறுத்தும். இரண்டு ஒயரையும் மாற்றி மாட்டினால் தீர்ந்தது.

இதில் எதுவுமே இல்லையென்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது: உடைந்த பல், கழன்ற ஷிம் (கியர் ஆடாமலிருக்கப் போடும் மெல்லிய வளையம்), நொறுங்கிய பேரிங்கின் சிறு உருளை. திறக்க வேண்டியதுதான். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். அது பற்றிக் கீழே சொல்கிறேன்.

மோட்டார் ஊளையிடுகிறது, துப்பாக்கி சுடவில்லை

ஊளையிலும் வகை உண்டு. எடையே இல்லாதது போல 'வீஈஈ' என்று மென்மையாகச் சுற்றினால் மோட்டார் எதையும் தொடவில்லை. மோட்டார் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது பினியன் தண்டிலிருந்து கழன்று தண்டு மட்டும் சுற்றலாம். மோட்டாரை வெளியே எடுத்து ஒரு கையால் பினியனைப் பிடித்து மறு கையால் மோட்டாரைத் திருகிப் பாருங்கள். வழுக்கினால் குற்றவாளி கிடைத்தார்.

'கர்ர்ர்' என்று அரைக்கும் சத்தத்தோடு சுற்றினால் பல் பல்லைத் தின்கிறது. இழுப்பதை உடனே நிறுத்துங்கள். பினியனின் பல் நுனிகளை நகத்தால் வருடிப் பாருங்கள், கூர்மையாகத் தட்டுப்பட்டால் தேய ஆரம்பித்துவிட்டது. அதன் ஜோடி பெவலும் தப்பியிருக்காது.

மூன்றாவது வகை: மோட்டாரும் கியரும் இயல்பாக ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் பிஸ்டன் முட்டும் அந்த 'டப்' மட்டும் இல்லை. பிஸ்டன் பல் போய்விட்டது. திறந்தால் பிளாஸ்டிக் தூள் கிரீஸோடு குழைந்து வெண்ணெய் போல ஒட்டியிருக்கும்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பிஸ்டனை மட்டும் மாற்றி மூடினால் அடுத்த மாதம் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள். எந்தப் பல் போயிருக்கிறது என்று பாருங்கள். செக்டர் முதலில் பிடிப்பது பிஸ்டனின் பின்கோடியிலுள்ள பல்லை. கடைசியில் விடுவது தலைக்கு அருகிலுள்ள பல்லை. பின்கோடிப் பல் மட்டும் நொறுங்கியிருந்தால் செக்டர் சரியான கோணத்தில் பிடிக்கவில்லை, முதல் பல்லின் நுனியில் அறைந்துகொண்டே இருந்திருக்கிறது. பிஸ்டன் வந்து முட்டும் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் ரப்பர் பேட் ஒட்டி பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு நிறுத்துவதும், பிஸ்டனின் இரண்டாவது பல்லை அரத்தால் அராவி எடுப்பதும் இதற்கு மருந்து. செக்டரைக் கையால் சுற்றி, முதல் பல் பிஸ்டன் பல்லோடு முழு முகமும் ஒட்டித் தொடுகிறதா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

நடுவிலோ தலைப்பக்கமோ பற்கள் வரிசையாகப் போயிருந்தால் கதை வேறு. பிஸ்டன் முன்னால் போய்ச் சேருவதற்குள் செக்டர் அடுத்த சுற்று வந்து அதைப் பாதி வழியில் மறித்திருக்கிறது. வேகமான மோட்டார், 13-க்கு 1 கியர், 11.1 வோல்ட், அதோடு தளர்ந்த ஸ்பிரிங்: இந்தக் கூட்டணி சேர்ந்தால் இதுதான் நடக்கும். முழு உலோகப் பல் பிஸ்டன் வாங்கிப் போட்டால் தீரும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிஸ்டன் தாங்கும், அடி செக்டருக்குப் போகும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது பிஸ்டனின் எடையைக் குறையுங்கள், அல்லது செக்டரின் விடுவிக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று பல்லை எடுத்துவிடுங்கள். பல்லை எடுத்தால் பிஸ்டன் பின்னால் போகும் தூரம் கொஞ்சம் குறையும், அதற்கேற்ப ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் ஓடுகிறது, குண்டு மட்டும் வரவில்லை

மேகசின், மேகசின், மேகசின். வேறொரு மேகசினை மாட்டுங்கள். மேகசினைக் கையால் மேலே அழுத்திக்கொண்டே சுடுங்கள். அப்போது மட்டும் வந்தால் மேகசினைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறது. சக்கரம் சுற்றி ஏற்றும் பெரிய மேகசின் என்றால் சுற்ற மறந்தீர்களா என்று கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

அடுத்து பேரல். ஹாப்-அப்பை (குண்டைப் பின்சுழல வைத்துத் தூரம் அனுப்பும் ரப்பர் அமைப்பு) முழுக்க அணைத்துவிட்டு, முன்பக்கமிருந்து சுத்தம் செய்யும் குச்சியை மெதுவாக விடுங்கள். குண்டின் விட்டம் ஏறக்குறைய 5.95 மி.மீ., இறுக்கமான பேரலின் உள்விட்டம் 6.03. நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவுதான். மட்டமான குண்டின் ஒட்டுக்கோடே அடைத்துக்கொள்ளும். கீழே விழுந்த குண்டைப் பொறுக்கிப் போடாதீர்கள்.

இரண்டும் சரி என்றால் கியர்பாக்ஸைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, திறக்காமலேயே நாசிலை விரலால் பின்னுக்குத் தள்ளி விடுங்கள். 'டக்' என்று முன்னால் வர வேண்டும். சோம்பலாக வந்தால் டேப்பட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது பிளேட் எங்கோ உரசும். நாசில் அசையாமல் பிஸ்டன் மட்டும் அடித்தால், செக்டர் முளை பிடிக்கும் டேப்பட் பிளேட்டின் இறக்கை ஒடிந்திருக்கும். நிதானமாகச் சுட்டால் குண்டு வருகிறது, ஆட்டோவில் நடுநடுவே வெற்றாகப் போகிறது என்றால் நாசில் பின்னால் நிற்கும் நேரம் போதவில்லை; செக்டர் முளையில் மாட்டும் சின்ன டிலேயர் துண்டு நாசிலை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும்.

குண்டு வருகிறது, தூரம் போகவில்லை

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோவில் பத்து குண்டு சுட்டுப் பாருங்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் சரியாக 1 ஜூல். எம்100 ஸ்பிரிங் என்ற பெயரே அந்த 100-ஐக் குறிப்பதுதான். (ஜப்பானில் சட்ட வரம்பு 0.989 ஜூல் என்பதால் அங்கே தயாராகும் துப்பாக்கிகள் இதற்குக் கீழேதான் இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து ஸ்பிரிங் மாற்றியவர்களும் உண்டு.) பத்தும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ச்சி. ஒன்று 95, ஒன்று 82, ஒன்று 90 என்று அலைந்தால் காற்றுக் கசிவு. வேகம் சரியாக இருந்தும் குண்டு சீக்கிரம் தரையைத் தொட்டால் கியர்பாக்ஸை விடுங்கள், ஹாப்-அப் ரப்பர்தான்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சிலிண்டர், ஹெட், நாசில், பிஸ்டன் நான்கையும் மாட்டி, நாசில் வாயை விரலால் அடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். சைக்கிள் பம்பின் வாயை அடைத்தது போல எதிர்த்து நிற்க வேண்டும். நழுவி உள்ளே போனால், நாசிலைக் கழற்றி ஹெட்டின் குழாயை அடைத்து மறுபடி. இப்போது நின்றால் கசிவு நாசிலில். இப்போதும் போனால் பிஸ்டன் தலையின் ஓ-ரிங்கோ (ரப்பர் வளையம்) சிலிண்டர் ஹெட் ஓ-ரிங்கோ. தளர்ந்த ஓ-ரிங்கை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, மெல்ல இழுத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

ஒற்றையில் வைத்தால் ஆட்டோ, இல்லையென்றால் பாதியில் மௌனம்

ஒற்றைக் குண்டு நிலையில், செக்டரின் மேடு ஒரு சுற்று முடிந்ததும் கட்-ஆஃப் லிவரைத் தூக்கி கான்டாக்டை விடுவிக்கும். லிவர் முனை தேய்ந்தால் தூக்காது, துப்பாக்கி பொழிந்துகொண்டே இருக்கும். எப்போதாவது இரண்டு குண்டு வந்தால் லிவரைத் திட்ட வேண்டாம். மோட்டார் தன் வேகத்தில் செக்டரை ஒரு சுற்று கூடுதலாக ஓட்டிவிடுகிறது. 7.4 வோல்ட்டுக்கு இறங்குங்கள், அல்லது பிரேக் உள்ள மாஸ்ஃபெட் போடுங்கள்.

ஒற்றையில் சில குண்டு சுட்டு அப்படியே செத்துப்போவது இன்னொரு பழைய வியாதி. சுற்று முழுதாக முடியாமல் லிவர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆட்டோவுக்கு மாற்றி ஒரு முறை சுட்டால் விடுபடும். அடிக்கடி நடந்தால் பேட்டரிக்கு மிஞ்சிய ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள்.

டிரிக்கரை விட்ட பிறகும் நிற்காமல் சுடுகிறதா? யோசிக்காமல் பேட்டரியைப் பிடுங்குங்கள். மாஸ்ஃபெட் எரிந்து ஷார்ட் ஆகியிருக்கும், அது இல்லாத துப்பாக்கி என்றால் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பேட்டரி பிளக்கை ஒரு வினாடியில் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்வது.

வேறு வழியில்லை, திறக்கிறோம்

முதலில் ஸ்பிரிங்கை விடுவியுங்கள். மோட்டாரைக் கழற்றியதும் ஆன்டி ரிவர்சல் லாட்சைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் விலக்கினால் கியர்கள் 'சர்ர்' என்று பின்னால் சுழன்று ஸ்பிரிங் தளரும். தளர்ந்த பிறகும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும். பின்பக்க ஓட்டை வழியாக நீண்ட ஸ்க்ரூடிரைவரை ஸ்பிரிங் கைடுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்குங்கள். பிடிக்காமல் தூக்கினால் ஸ்பிரிங் கைடு அலமாரிக்கு அடியில் கிடக்கும். தூக்கிய உடனே, எதையும் தொடும் முன், கைபேசியில் ஒரு படம்.

கியர்பாக்ஸ் கூட்டின் முன்பகுதியையும் பாருங்கள். சிலிண்டர் தெரியும் ஜன்னலின் முன்மூலையில் வெர்ஷன் 2 விரிசல் விடுவது பிரசித்தம். மயிரிழை விரிசல் என்றாலும் கூட்டை மாற்றுவதே நல்லது.

ஷிம் போடுவது தனிப் படிப்பு. சுருக்கமாக: பெவலில் தொடங்குங்கள், அது பினியனோடு சரியாக அமர்ந்த பிறகு ஸ்பர், கடைசியாகச் செக்டர். கியர் விரலால் சுண்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் 0.1 மி.மீ. அளவுக்கு மேல் ஆடக்கூடாது. ஒவ்வொரு முறையும் மூடி, ஸ்க்ரூவை இறுக்கித்தான் சோதிக்க வேண்டும். பாதி மூடிய கூடு பொய் சொல்லும்.

மூட்டிய பிறகு முதல் சோதனை 7.4 வோல்ட்டில், ஒற்றைக் குண்டு நிலையில், மேகசின் இல்லாமல். மேசையில் ஏதும் மிஞ்சவில்லையே என்று அதற்கு முன் ஒருமுறை பாருங்கள். எனக்கு ஒருமுறை கொசுவின் கால் மொத்தத்தில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சியது. துப்பாக்கியோ நன்றாகவே சுட்டது, சரி போகட்டும் என்று விட்டேன். பாதியில் டிரிக்கரை விடும்போதெல்லாம் உள்ளே 'குர்ர்' என்று ஏதோ பின்னோக்கி ஓடியது. அது ஆன்டி ரிவர்சல் லாட்சின் ஸ்பிரிங். மறுபடியும் எட்டு ஸ்க்ரூ.